வலி வரும் முன் ஒரு பயணம்: தாழ்வுபாடு முதல் எல்லாக் கரையோரப் பிள்ளைகளுக்கும்

மன்னார்த் தீவின் தென்கரையில் இருக்கும் கடற்றொழில் கிராமம் தாழ்வுபாடு. மன்னார் நகரத்துக்குச் சில கிலோமீற்றர் தூரம்தான். நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் பற்சிகிச்சைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளை பல் மருத்துவரை முதன்முதலில் பார்ப்பது பெரும்பாலும் கன்னம் வீங்கி, இரவு முழுக்க அழுது முடித்த பிறகுதான். அன்று செய்யக்கூடியது அநேகமாகப் பல்லைப் பிடுங்குவது மட்டுமே. அந்த ஒரு நாள் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். அடுத்த தடவையும் அது வலி தாங்க முடியாத நிலைக்கு வந்த பிறகே வரும்.

சிறுவர் பல் மருத்துவ நிபுணர்கள் உலகெங்கும் மாற்ற முயல்வது இந்தச் சுழற்சியைத்தான். முதற் பயணம் வலி இல்லாத நாளில் நடக்க வேண்டும் என்பது அவர்களின் அடிப்படை விதி. முதற் பல் முளைத்ததிலிருந்து முதலாவது பிறந்தநாளுக்குள் ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

"விழப்போகிற பல்தானே"

பாற்பற்கள் மொத்தம் 20. முதற் பல் ஏறத்தாழ ஆறு மாதத்தில் முளைக்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். கடைசிப் பாற்பல் விழ 11, 12 வயதாகும். அதாவது பின்பக்கப் பாற்பற்கள் சில ஏறத்தாழ பத்து வருடங்கள் வாயில் இருந்து வேலை செய்ய வேண்டியவை. அவை சொத்தையானால் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடாது, தூங்காது, வகுப்பில் கவனம் இராது. காலத்துக்கு முன் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சரியும். பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாமற் போகும்.

இலங்கையில் 2015/16 இல் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுப் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு ஆறு பேருக்கு மேல் பற்சொத்தை இருந்தது. 12 வயதில் அது பத்துக்கு மூன்று பேர் அளவில் இருந்தது. நிரந்தரப் பற்களைப் பொறுத்தவரை நாடு பல பத்தாண்டுகளாக முன்னேறியிருக்கிறது. பாற்பற்களில் அந்த முன்னேற்றம் இல்லை. பாடசாலை தொடங்கும் முன்பே, வீட்டில் இருக்கும் காலத்திலேயே பாதிப்பு நடந்துவிடுகிறது.

பெற்றோர் அதிகம் தவறவிடும் பல் ஒன்று உண்டு. ஆறு வயதளவில், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பல் எதுவும் விழாததால் அதையும் பாற்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது போனால் வேறு பல் வராது. முளைத்த கையோடு காட்டினால், அதன் ஆழமான பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைத்துப் பாதுகாக்க முடியும்.

பயம் எங்கிருந்து வந்தது

நியூசிலாந்து 1921 இல் பாடசாலைப் பிள்ளைகளுக்காகவே பற்தாதியரைப் பயிற்றத் தொடங்கியது. அந்த முறை 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு இலங்கைக்கு வந்து, மகரகமவில் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. இன்று பாடசாலைகளில் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கும் பற்சிகிச்சையாளர்கள் அந்த வழியில் வந்தவர்கள். 13 வயது வரையான பிள்ளைகளுக்கு ஊரிலேயே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

எங்கள் பகுதிகளில் அந்தத் தொடர்ச்சியைப் போர் அறுத்தது. 1990 இல் மன்னார்க் கரையோரத்திலிருந்து குடும்பங்கள் மடுவுக்கு ஓடின. படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனவர்களும் ஏராளம். 2009 இல் வன்னியிலிருந்து வந்தவர்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் பல்லைப் பற்றி யாரும் நினைத்திருக்க முடியாது. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று பெற்றோர். அவர்களில் பலருக்குப் பற்சிகிச்சை என்றால் பிடுங்குவது என்ற நினைவு மட்டுமே இருக்கிறது.

பெற்றோரின் பயம் பிள்ளைக்கும் தொற்றும் என்பது ஆய்வுகளில் பலமுறை காணப்பட்ட விடயம். இயந்திரச் சத்தம், முகத்துக்கு மேல் வெளிச்சம், அசைய முடியாமற் படுத்திருப்பது ஆகியவை ஷெல்லடிக்குள் இருந்து மீண்ட ஒருவருக்குப் பழைய நினைவுகளைக் கிளறலாம். அப்படியானால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையோடு உள்ளே போவதற்கு வீட்டில் பயம் குறைந்த இன்னொருவரை, அம்மம்மாவையோ சித்தியையோ, அனுப்பலாம்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். "சாப்பிடாட்டி டொக்டரிட்டக் கொண்டுபோய் ஊசி போடுவிப்பன்" என்று வெருட்டுகிறோம். பிறகு அதே டொக்டரிடம் வாயைத் திறக்கச் சொல்கிறோம். "வலிக்காது, பயப்படாதே" என்று சொல்வதும் உதவாது. அதுவரை நினைக்காத வலியை அந்தச் சொல்லே நினைவூட்டிவிடும். "உன்ர பல்லை எண்ணிப் பார்ப்பினம்" என்றால் போதும்.

நிபுணர்கள் பிள்ளையை எப்படிப் பழக்குகிறார்கள்

சொல், காட்டு, செய் என்ற முறை 1959 இலேயே பல் மருத்துவத்தில் எழுதப்பட்டது. முதலில் என்ன செய்யப் போகிறேன் என்று பிள்ளைக்கு விளங்கும் சொல்லில் சொல்வது. பிறகு கருவியை அதன் விரலிலோ நகத்திலோ வைத்துக் காட்டுவது. அதன் பிறகே வாயில் செய்வது. "வலித்தால் கையைத் தூக்கு, நிற்பாட்டுவேன்" என்று சொல்லி, கை தூக்கியதும் உண்மையில் நிறுத்துவது பிள்ளைக்கு நம்பிக்கையைக் கொடுக்கும்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கதிரையில் தனியாக இருத்தத் தேவையில்லை. தாயும் மருத்துவரும் முழங்கால் முட்ட எதிரெதிரே இருப்பார்கள். பிள்ளை தாயின் மடியில் அவரைப் பார்த்தபடி இருந்து, தலையை மட்டும் மருத்துவரின் மடியில் சாய்க்கும். தாயின் முகம் தெரிவதால் அழுகை குறையும். மருத்துவர் காண்பதைத் தாயும் காண்பார்.

பெரிய பிள்ளைகளுக்குப் பல்லில் படிந்த அழுக்கு நிறமேறித் தெரியும்படி ஒரு பூச்சைப் பூசி, கண்ணாடியில் காட்டுவார்கள். எங்கே தூரிகை படவில்லை என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். திட்டு வாங்கித் துலக்கும் பிள்ளையை விட, தானே கண்டு துலக்கும் பிள்ளைக்கு அது பழக்கமாகும்.

சொத்தை வந்துவிட்டாலும் பிடுங்குவது மட்டுமே வழியல்ல. 1980களில் தான்சானியாவில் உருவான ஒரு முறையில், மின்சாரமும் துளைக்கும் இயந்திரமும் இல்லாமல், கைக்கருவியால் பழுதான பகுதியைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடி அயனோமர் என்ற பொருளால் அடைக்கிறார்கள். வெள்ளி டயமீன் புளோரைட் என்ற திரவத்தைத் தடவியும் சொத்தை பரவாமல் நிறுத்தலாம். அந்த இடம் கறுத்துப்போகும் என்பது அதன் குறை. இவை இரண்டையும், புளோரைட் பற்பசையையும் உலக சுகாதார அமைப்பு 2021 இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. உங்கள் பிள்ளைக்கு இவற்றில் எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

*இரவுத் துலக்கல்.* ஒரு நாளைக்கு இரண்டு தடவை துலக்க வேண்டும். இரண்டில் முக்கியமானது படுக்கும் முன் துலக்குவது. தூங்கும்போது உமிழ்நீர் குறைவதால் பல்லுக்குப் பாதுகாப்பும் குறையும். தகப்பன் இரவில் தொழிலுக்குப் போய், தாய் விடியற்புறம் கரைக்குப் போகும் வீடுகளில் காலை நேரம் பறந்துவிடும். இரவுச் சாப்பாட்டோடு துலக்கலைச் சேர்த்துக் கட்டிவிட்டால் தவறாது.

*பசையின் அளவு.* மூன்று வயது வரை அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. புளோரைட் 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் உள்ள பசையா என்று பெட்டியில் பாருங்கள். சில சிறுவர் பசைகளில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். துலக்கியதும் துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். பசையின் புளோரைட் பல்லில் தங்கி வேலை செய்யும். நல்ல தண்ணீரை அளந்து புழங்கும் வீட்டுக்கு அது சிக்கனமும்கூட.

*யார் துலக்குவது.* ஏழு, எட்டு வயது வரை பெரியவர் ஒருவர் துலக்கிவிட வேண்டும் அல்லது பக்கத்தில் நின்று முடித்துவிட வேண்டும். தன் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் பூட்டப் பழகாத கைக்குக் கடைவாய்ப்பல் எட்டாது.

*உமிக்கரியும் சாம்பலும்.* முகாம்களில் வேறு வழியில்லாமல் பாவித்தோம். அவற்றில் புளோரைட் இல்லை. சொரசொரப்பு பல்லின் மேற்பூச்சைத் தேய்க்கும். வேப்பங்குச்சி பாவிப்பவர்கள் பிள்ளைக்கு இரவில் பசையும் கொடுக்க வேண்டும்.

*பால் போத்தல்.* சீனி போட்ட பாலோ தேத்தண்ணியோ போத்தலில் கொடுத்துத் தூங்க வைப்பதுதான் முன்பற்கள் கறுத்துக் கரைவதற்குப் பெரிய காரணம். ஒரு வயதளவில் கோப்பைக்கு மாற்றுங்கள். இரவில் போத்தல் கேட்டால் வெறும் தண்ணீர் கொடுங்கள்.

*இனிப்பின் நேரம்.* எவ்வளவு என்பதைப் போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒவ்வொரு தடவையும் இனிப்புப் பட்ட பிறகு ஏறத்தாழ அரை மணித்தியாலம் பல் அமிலத்தில் இருக்கும். ரொபியையும் பிஸ்கட்டையும் நாள் முழுக்கக் கொறிப்பதை விட, சாப்பாட்டோடு ஒரே தடவை கொடுப்பது நல்லது. பனங்கட்டியும் பல்லுக்குச் சீனிதான். குளிர்பானப் போத்தல்களில் 2016 முதல் நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை.

*பாக்கு.* பதின்ம வயதுப் பையன்கள் பாக்குக் கலவைகளைப் பழகும் காலம் இது. இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும். வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தடிப்பு, வாய் திறக்க இறுக்கம் இருந்தால் உடனே காட்டுங்கள்.

கறையா, சொத்தையா

வவுனியா உட்பட உலர்வலயத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் இயல்பாகவே புளோரைட் அதிகம். எட்டு வயதுக்குள் அந்தக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் வெள்ளை அல்லது மண்ணிறக் கறை இருக்கலாம். அது சொத்தை அல்ல, துலக்காததாலும் வந்ததல்ல. அப்படியான பிள்ளையை "பல் துலக்காதவள்" என்று ஏசுவது அநியாயம். கறையைக் குறைக்கச் சிகிச்சை உண்டு. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு.

எங்கே போவது

குழந்தையாக இருந்தால் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கர்ப்பிணித் தாய்மாரும் தங்கள் பற்களைக் காட்ட வேண்டும். தாயின் வாயில் உள்ள கிருமிதான் பெரும்பாலும் பிள்ளைக்குப் போகிறது. பாடசாலைப் பிள்ளையாக இருந்தால் வகுப்பாசிரியரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் எங்கே, எந்த நாள் என்று விசாரியுங்கள். 1, 4, 7, 10 ஆம் தரங்களில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையன்று பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள். "பல் காட்டவும்" என்று துண்டு வந்தால் அது வலிக்கு முந்திய அறிவித்தல்.

அந்தத் துண்டு வந்த கிழமையிலேயே, பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில், பஸ் ஏறிப் போய் வாருங்கள். பல்லை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் பிள்ளை, வளர்ந்து தன் பிள்ளையைப் பயமில்லாமல் கூட்டிப் போகும்.