ஆலையிலிருந்து கைக்கு வந்த ஊசி

நூற்காமலும் நெய்யாமலும், கம்பளி இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்தே செய்யப்படும் கெட்டியான துணிக்கு ஃபெல்ட் என்று பெயர். ரஷ்யாவின் அல்தாய் மலைப்பகுதியில் உள்ள பசிரிக் புதைமேடுகளை 1940களின் இறுதியில் செர்கேய் ருதென்கோ அகழ்ந்தபோது, கல்லறைக்குள் உறைந்திருந்த பனியால் கெடாமல் கிடைத்த பொருள்களுள், உள்ளே திணிப்பு வைத்துத் தைத்த ஃபெல்ட் அன்னங்களும் இருந்தன. கூடாரத்தையோ வண்டியையோ அழகுசெய்வதற்கென்று 2,000 ஆண்டுகளுக்கும் முன்னே செய்யப்பட்டவை என்று கருதப்படும் அந்த அன்னங்கள், இன்று கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடப்படும் கம்பளிப் பறவைகளுக்கு மூதாதையர் போலவே தோன்றும். ஆனால் இன்றைய பறவைகளில் பல உருவாகும் வழி அந்த அன்னங்களைச் செய்த மேய்ச்சல் குடிகளிடமிருந்து வந்ததன்று என்பதே இக்கலையின் வரலாற்றில் வியப்பூட்டும் செய்தி.

பழைய முறைக்கு வெந்நீர், சோப்பு, ஓயாத தேய்ப்பு ஆகியவை வேண்டும். ஆட்டுமயிரின் மேற்புறத்தில் நுனியை நோக்கி அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் நுண்செதில்கள், ஈரத்திலும் சூட்டிலும் தேய்க்கப்படும்போது இழையை ஒரு திசையில் நகரவிட்டுத் திரும்பி வரவிடாமல் தடுப்பதால், இழைகள் நெருங்கிப் பிணைந்து இறுகுகின்றன. கிர்கிஸ் மக்களின் தரைவிரிப்புகளும் காஷ்மீரத்தின் நம்தா என்னும் விரிப்புகளும் இவ்வழியில் உருவானவையே.

செதிலில்லாத இழைகளை இவ்வாறு இறுக்க இயலாது. சணல், பஞ்சுக் கழிவு போன்ற மலிவான இழைகளையும் விரிப்பின் அடித்தட்டாகவும் திணிப்பாகவும் பயன்படுத்த விரும்பிய 19ஆம் நூற்றாண்டின் ஆலைகள், நீரை விட்டுவிட்டு ஊசியை நாடின. பலகையில் நெருக்கமாகப் பதித்த ஊசிகள் இழைப்படுகையின்மீது மேலும் கீழுமாக இறங்கி ஏறும் ஊசித்தறி அவ்வாறு வந்தது. அதன் ஊசி தையலூசியைப் போன்றதன்று. காதில்லாதது, பெரும்பாலும் முக்கோண வெட்டுத்தோற்றம் கொண்டது. அதன் விளிம்புகளில் முனையை நோக்கிய சிறு வெட்டுப்பற்கள் இருக்கும். இறங்கும்போது மேலிழைகளைப் பற்றி உள்ளே இழுத்துச் செல்லும் இப்பற்கள் ஏறும்போது அவற்றை அங்கேயே விட்டுவருவதால், இழை எவ்வகையினதாயினும் பின்னிக்கொள்கிறது. செதில் செய்த வேலையை எஃகு ஏற்றுக்கொண்ட அந்த நுட்பமே, பின்னாளில் செயற்கையிழை விரிப்புகளையும் சாலைகளின் அடியில் பரப்பப்படும் மண்காப்புத் துணிகளையும் உருவாக்கியது.

அந்த ஊசிகளுள் ஒன்றைத் தனியே கையில் எடுத்து உருவம் செய்யலாம் என்ற எண்ணம் 1980களில்தான் பிறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த எலினோர், டேவிட் ஸ்டான்வுட் இணையர் இதன் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றனர். அவர்களிடமிருந்து இந்நுட்பத்தை அறிந்த அயலா தல்பாய் அதைச் சிற்பக்கலையாக வளர்த்துப் பரப்பினார். கைத்தொழில் இயந்திரத்திடம் தோற்றுப்போன கதைகளே நிறைந்த நெசவு வரலாற்றில், இயந்திரத்தின் உறுப்பு ஒன்று கைத்தொழிலாகப் பிறவியெடுத்தது அரிதான, மகிழத்தக்க நிகழ்ச்சி.

பண்டிகை அலங்காரங்களோடு இந்த ஊசிக்கலை விரைவில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் புதியவர்க்கும் எளிதாயிருப்பதே. சீவிய கம்பளி, ஊசி, அடியில் வைக்கப் பஞ்சணைத் துண்டு ஆகிய மூன்றும் இருந்தால் நீரின்றி மேசையிலேயே வேலை தொடங்கலாம். பிஸ்கட் வெட்டும் அச்சுக்குள் கம்பளியை அடைத்துக் குத்தினால் விண்மீனோ இதயமோ ஒரே அமர்வில் தேறும். குழி விழுந்த இடத்தில் மேலும் சிறிது கம்பளி வைத்துக் குத்தினால் சரியாகிவிடும். முதன்முதலாகச் செய்பவர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: ஊசி எந்தக் கோணத்தில் நுழைகிறதோ அதே கோணத்தில் வெளியேற வேண்டும்; உள்ளிருக்கையில் வளைத்தால் முறியும்.

இன்று காத்மாண்டுப் பட்டறைகளில் நியூசிலாந்துக் கம்பளியைச் சோப்பு நீரில் உள்ளங்கையால் உருட்டிப் பெண்கள் செய்யும் வண்ண உருண்டைகள் கிறிஸ்துமஸ் மாலைகளாக மேலைநாடுகளுக்குச் செல்கின்றன. அப்பட்டறைகளில் செய்யப்படும் பனிமனிதனின் உடல் நீரில் உருண்டது. கண்ணும் மூக்கும் ஊசியால் குத்திப் பதித்தவை.