வாணலியில் கொளுத்திய வெளிச்சம்

டிஎஸ்எல்ஆர் வாங்கி ஆறு மாதம் ஆனவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தனியா ஒரு ஃப்ளாஷ் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" பதிலாக ஒரு மாடல் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அந்த அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கைடு நம்பர், டிடிஎல், பவுன்ஸ் போன்ற ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்கு இருந்த தலைவலிக்கான மருந்து. தலைவலி எதுவென்று தெரிந்தால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

ஆரம்பகாலப் புகைப்படக்காரர்கள் சூரியனின் கூலியாட்கள். மேகம் வந்தால் வேலை இல்லை. 1860களில் மெக்னீசியம் கம்பி சந்தைக்கு வந்தபோதுதான் முதல் விடுதலை. 1864ல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் பிரதர்ஸ் அந்தக் கம்பியை எரித்துப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் வானியலாளர் சார்ல்ஸ் பியாஸி ஸ்மித் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் மெக்னீசியத்தைக் கொளுத்திப் படம் எடுத்துவிட்டார். ஆனால் கம்பி எரிய நேரம் ஆகும். எரிந்து முடித்தால் அறை முழுக்க வெள்ளைப் புகை. கல்லறை அசையாது, சரி. மனிதர்கள் அசைவார்களே?

1887ல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹான்னஸ் கேடிக்கேயும் மெக்னீசியத் தூளுடன் பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும் கலந்து ஒரு பொடி செய்தார்கள். தீ வைத்தால் நொடிக்குள் 'பக்' என்று எரிந்து முடிந்துவிடும். சேர்மானத்தைப் பார்த்தாலே புரியும், பட்டாசுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பொடி கலக்கும்போதும் கொளுத்தும்போதும் விபத்துகள் நடந்தன, உயிர்கள் போயின.

இந்தப் பொடியைப் பற்றிய செய்தியை நியூயார்க்கில் காலைப் பத்திரிகையில் படித்தவர்களில் ஒருவர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கிலிருந்து 1870ல் வந்து, வேலையில்லாமல் அலைந்து, போலீஸ் நிலையங்களின் இலவச விடுதியில் தூங்கி, பிறகு குற்றச்செய்தி நிருபர் ஆனவர். மல்பெரி தெருச் சுற்றுவட்டாரத்தில் ஏழைகள் அடைந்துகிடந்த இருட்டறைகளைப் பற்றி எவ்வளவோ எழுதியும் யாரும் அசையவில்லை. படம் காட்டினால் நம்புவார்கள். ஆனால் அந்த அறைகளில் பகலிலும் வெளிச்சம் கிடையாது. பொடி கிடைத்ததும் நள்ளிரவில் ஆட்களோடு கிளம்பினார். முதலில் துப்பாக்கி போன்ற ஒரு கருவியில் பொடியைத் திணித்துச் சுட்டார்கள். நடுராத்திரியில் அறிமுகமில்லாத கூட்டம் வீட்டுக்குள் புகுந்து துப்பாக்கியை நீட்டினால் என்ன ஆகும்? ஜனங்கள் தெறித்து ஓடினார்கள். அதனால் ரீஸ் துப்பாக்கியை விட்டுவிட்டு ஒரு வாணலியில் பொடியைக் கொட்டிக் கொளுத்த ஆரம்பித்தார். ஒரு முறை, பார்வையற்றவர்கள் ஐந்து பேர் தங்கியிருந்த மாடியறையில் படம் எடுத்தபோது சுவரில் தொங்கிய காகிதமும் கந்தலும் தீப்பிடித்துக்கொண்டன. அவரே அடித்து அணைத்தார்.

1890ல் அவருடைய 'ஹௌ தி அதர் ஹாஃப் லிவ்ஸ்' வெளியானது. அதைப் படித்து அசந்துபோனவர்களில் ஒருவர் தியோடர் ரூஸ்வெல்ட். பின்னால் அவர் நியூயார்க் போலீஸ் ஆணையர்களில் ஒருவர் ஆனபோது, ரீஸ் ஒருகாலத்தில் அவதிப்பட்ட அந்தப் போலீஸ் விடுதிகள் 1896ல் மூடப்பட்டன. மல்பெரி பெண்ட் குடியிருப்பு இடிக்கப்பட்டு அங்கே பூங்கா வந்தது.

நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் பேயார்ட் தெருவில் ஓர் இடத்துக்கு ஐந்து சென்ட் கொடுத்துப் படுத்திருந்தவர்களின் படத்தைத் தேடிப் பாருங்கள். தூக்கத்திலிருந்து எழுந்த முகங்கள், சுருங்கிய கண்கள். அந்த வெளிச்சம் அவர்களுக்காகத்தான் வந்தது. ஆனால் அவர்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஃப்ளாஷ் பற்றிய எந்தப் பேச்சிலும் இந்த உறுத்தல் கூடவே வரும். இயற்கை வெளிச்சம் எல்லார் மேலும் விழுகிறது. ஃப்ளாஷ் மட்டும் ஒருவர் இன்னொருவர் மேல் போடுவது.

பொடியைக் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்தது அடுத்த கட்டம். 1929ல் ஜெர்மனியில் ஃப்ளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. உள்ளே அலுமினியத் தகடும் ஆக்சிஜனும். புகை இல்லை, தீ வெளியே வராது. ஆனால் ஒரு பல்புக்கு ஒரு படம்தான்; முடிந்ததும் கொதிக்கும் குமிழைக் கழற்றிப் போட வேண்டும். பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் கோட்டுப்பை பல்புகளால் உப்பியிருந்த காலம் அது. அமெரிக்காவின் கடைசி நீராவி ரயில்களை இரவில் படம்பிடித்த ஓ. வின்ஸ்டன் லிங்க், 1956ல் ஒரே ஒரு படத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பல்புகளை வயர் இழுத்து இணைத்தார். திறந்தவெளி சினிமா, காருக்குள் ஒரு ஜோடி, பின்னால் பாயும் ரயில். ரயில் திரும்பி வராது, பல்பும் மறுபடி எரியாது. எல்லாம் சரியாக அமைந்தது. சினிமாத் திரையில் ஓடிய காட்சிதான் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் வெளுத்துப்போய்விட்டது. அதைத் தனியாக எடுத்துப் பிறகு ஒட்டினார்.

இதற்குள் எம்ஐடியில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் வேறு வழியைக் கண்டுபிடித்திருந்தார். சுழலும் மோட்டாரை நின்றதுபோல் பார்ப்பதற்காக 1930களின் தொடக்கத்தில் அவர் செய்த ஸ்ட்ரோபோஸ்கோப்தான் இன்றைய ஃப்ளாஷின் தாத்தா. கெப்பாசிட்டரில் மின்சாரத்தைத் தேக்கி, வாயு நிரப்பிய குழாய்க்குள் ஒரே வீச்சில் இறைப்பது. எரிவது எதுவும் இல்லை என்பதால் திரும்பத் திரும்பச் சுடலாம். பால் துளி கிரீடமாகத் தெறிக்கும் புகழ்பெற்ற படம் இப்படி எடுத்தது. இரண்டாம் உலகப்போரில் இதையே விமானத்தில் ஏற்றி, ராத்திரியில் நிலத்தைப் படம் எடுத்தார்கள். 1944 ஜூனில் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முந்தைய இரவிலும் அது பறந்தது.

இனி வருவதெல்லாம் கணக்கின் கதை. எத்தனை தூரத்தில் ஆள் நிற்கிறார், லென்ஸின் துளை எவ்வளவு? தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். இந்தத் தொல்லையை ஒரே எண்ணில் அடக்கியதுதான் கைடு நம்பர். 36 என்று இருந்தால், ஐஎஸ்ஓ 100ல், 4.5 மீட்டரில் நிற்பவருக்கு 36ஐ 4.5ஆல் வகுத்து எஃப் 8. ஒவ்வொரு படத்துக்கும் இந்த வகுத்தலை மனதுக்குள் போட்டவர்கள்தான் நம் தாத்தா பாட்டி கல்யாணங்களை எடுத்தவர்கள். 1960களில் ஃப்ளாஷிலேயே ஓர் ஒளி உணரி வந்தது. போதுமான வெளிச்சம் திரும்பி வந்ததும் அணைத்துவிடும். மிச்ச மின்சாரத்தை முதலில் வீணாக்கினார்கள். பிறகு தைரிஸ்டர் வந்து அதை மிச்சம் பிடித்தது. 1975ல் ஒலிம்பஸ் ஓஎம்-2 லென்ஸ் வழியாக வந்து ஃபிலிமில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையே அளந்தது. இதுதான் டிடிஎல். டிஜிட்டல் வந்ததும் ஒரு சிக்கல்: சென்சார் ஃபிலிம் மாதிரி ஒளியைத் திருப்புவதில்லை. அதனால் உண்மையான மின்னலுக்கு முன்னால் ஒரு குட்டி மின்னலை அடித்து அளந்துகொள்ளும் முறைக்கு மாறினார்கள். குழுப் படத்தில் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பதற்கு இந்த முன்மின்னலும் ஒரு காரணம்.

இப்போது கடைக்குள் போகலாம்.

முதலில் கைடு நம்பரை நம்பிவிடாதீர்கள். கேனன் 580இஎக்ஸ் பெட்டியில் 58 என்று இருக்கும், நிக்கான் எஸ்பி-800க்கு 38 என்பார்கள். கேனன் ரொம்பப் பலசாலி என்று தோன்றும். கேனன் சொல்வது தலையை 105 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்து வெளிச்சத்தைக் குறுக்கிய நிலையில். நிக்கான் சொல்வது 35 மில்லிமீட்டரில். அதே 35ல் கேனனுக்கு 36தான். ரேஷன் கடையில் படி எந்தப் படி என்று பார்ப்பதுபோல, எந்த ஜூமில் அளந்தது என்று பாருங்கள்.

இரண்டாவது, தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். இதில் சமரசமே கூடாது. நேராக அடித்தால் முகம் பொரித்த அப்பளம், பின்சுவரில் கரி நிழல். கூரைமேல் அடித்துத் திருப்பினால் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்ததுபோல் இறங்கும். ஆனால் கூரைக்குப் போய்வருவதில் பெரும்பகுதி வெளிச்சம் தொலைந்துவிடும். சக்தி அதிகமான ஃப்ளாஷுக்குக் காசு கொடுப்பது இதற்காகத்தான், தூரத்து மேடைக்காக அல்ல. கூரை உயரமாகவோ பச்சை, ஆரஞ்சு துணி கட்டியோ இருக்கும் மண்டபத்தில் இந்த வித்தை பலிக்காது. அங்கே ஒரு வெள்ளைச் சுவரைத் தேடுங்கள்.

மூன்றாவது, கையால் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் வசதி. 2006ல் டேவிட் ஹாபி என்ற பால்டிமோர் பத்திரிகைப் புகைப்படக்காரர், ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிக் கையால் அமைத்துப் பயன்படுத்துவது எப்படி என்று 'ஸ்ட்ரோபிஸ்ட்' என்ற தளத்தில் எழுத ஆரம்பித்தார். நாற்பது வருடமாக இயந்திரத்திடம் ஒப்படைத்த கணக்கை ஒரு தலைமுறை திரும்ப வாங்கிக்கொண்டது. விலை குறைந்த சீன ஃப்ளாஷ்கள் பெருகியதில் இதற்குப் பங்கு உண்டு. ஆளும் ஃப்ளாஷும் நகராத இடத்தில் டிடிஎல் தேவையில்லை. ஓடும் குழந்தைக்கும் தாலி கட்டும் நொடிக்கும் டிடிஎல் வேண்டும். நீங்கள் எடுப்பது எது என்று பார்த்து வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. சித்தப்பாவின் பரணில் பழைய விவிடார் 283 கிடைத்தால் அப்படியே மாட்டிவிடாதீர்கள். பழைய ஃப்ளாஷ்கள் சிலவற்றில் கேமராவுடன் சேரும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்தக் காலக் கேமராவில் இருந்தது உலோகச் சுவிட்சு, தாங்கியது. இன்று இருப்பது மின்னணுச் சுற்று. மல்டிமீட்டரில் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கியாச்சு, பேட்டரியும் போட்டாச்சு என்றால் பெட்டியில் அச்சிடாத ஒன்று மிச்சம் இருக்கிறது. ரீஸிடம் வாணலி மட்டும்தான் இருந்தது. வெளிச்சத்தைக் குறைக்கவோ திருப்பவோ அவரால் முடியாது. நம் கையில் இருப்பது தலை திரும்பும், 128ல் ஒரு பங்காகக் குறையும். அதனால் இருட்டில் தூங்கும் ஒருவரை எடுப்பதற்கு முன், "எடுக்கலாமா?" என்று கேட்காமல் இருக்க நமக்குக் காரணம் எதுவும் இல்லை.