கரி பஸ்ஸும் மூங்கில் பெட்ரோலும்

ஈ20 பெட்ரோல் பத்திப் பேசினாலே ஒரு கேள்வி வந்துடும்: "கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் எதுக்கு? காட்டுல வீணாப் போற மரக்கழிவுல எத்தனால் எடுக்க முடியாதா?" முடியும். எப்படின்னு தெரிஞ்சு 200 வருஷம் ஆச்சு.

முதல்ல எங்க ஊர்க் கதை. திருவண்ணாமலையில தாத்தா சின்னப் பையனா இருந்தப்போ ஏறினது கரி பஸ். 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. ஏப்ரலில் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைப் பிரிட்டிஷாரே தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பர்மா எண்ணெய் நின்றதும் இங்கே பெட்ரோலுக்குத் திண்டாட்டம். அதனால பஸ்ஸோட பின்பக்கம் டிரம் மாதிரி ஒரு அடுப்பை மாட்டினாங்க. உள்ளே மரக்கரி. கிளீனர் கைப்பிடியைச் சுத்தோ சுத்துனு சுத்திக் காத்து ஊதணும். காற்று குறைவாக இருந்தால் கரி முழுசாக எரியாது. கார்பன் மோனாக்சைடு வரும். இன்ஜினுக்கு அதுதான் தீனி. இழுவை கம்மி. "மேடு வந்தா இறங்கித் தள்ளணும்டா, சட்டையெல்லாம் கரி"ன்னு தாத்தா சிரிப்பார்.

சரி, மரத்தைக் கரியாக்குறதுக்குப் பதிலா எத்தனாலா மாத்தியிருக்கலாமே? அங்கதான் சிக்கல். மரத்தில் உள்ள செல்லுலோஸ், சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலி. அதைச் சுற்றி லிக்னின் பசை மாதிரி ஒட்டியிருக்கும். பாஸ்வேர்ட் போட்ட ஜிப் ஃபைல்னு வெச்சுக்கங்களேன். 1819ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோ கந்தக அமிலத்தால் அதை உடைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். ஆனா அமிலமும் சூடும் கூடிப்போனா, வெளியே வந்த சர்க்கரையே கெட்டுப்போகும்.

இருந்தும் 1910ல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், ஜார்ஜ்டவுன்ல ஆலையே வந்துடுச்சு. மரம் அறுக்கும் மில்லின் கழிவு ஒரு டன்னுக்குச் சுமார் 20 கேலன், அதாவது 75 லிட்டர் ஆல்கஹால். முதல் உலகப் போர் முடிஞ்ச கொஞ்ச நாள்ல மூடிட்டாங்க. கெமிஸ்ட்ரி தோற்கலை. மர உற்பத்தி குறைஞ்சது, கழிவும் குறைஞ்சது. கழிவை நம்பித் தொழில் தொடங்கினா, இன்னொருத்தர் மரம் அறுத்துக்கிட்டே இருக்கணும். நான் படிச்சதுல என்னை உலுக்கின இடம் இதுதான்.

இப்போ அசாமுக்கு வருவோம். நுமாலிகர்ல, பின்லாந்தின் ஃபோர்ட்டம், கெம்போலிஸ் நிறுவனங்களோட கூட்டுல மூங்கில் எத்தனால் ஆலை. 2025 செப்டம்பர்ல திறந்தாங்க. வருஷத்துக்கு 5 லட்சம் டன் பச்சை மூங்கில் போட்டு, ஏறக்குறைய 49,000 டன் எத்தனால் எடுக்கணும்ங்கிறது திட்டம். இது கழிவு இல்லை, வெட்டி விற்கிற பயிர். மூங்கிலை 'மரம்'ங்கிற பட்டியல்ல இருந்து 2017லதான் வனச் சட்டம் எடுத்துச்சு. அதனால காட்டுக்கு வெளியே வளர்க்கிறவங்க வெட்ட, ஏத்திக்கிட்டுப் போகத் தடையில்லை.

அந்த ஆலையில நான் பார்க்கப் போறது எத்தனால் கணக்கை இல்லை. மூங்கில் வெட்டிக் கொண்டுவர்ற விவசாயிக்கு டன்னுக்கு எவ்வளவு கொடுக்கிறாங்க, அதை.