எபிசோட் 27: "இன்னும் கொஞ்சம் போட்டு நல்ல ஐபோனே வாங்கியிருக்கலாமே?" – ஐபோன் 5சி கதை

இன்னைக்கு ஒரு போனோட கதை. அதுக்கு முன்னாடி ஒரு தீபாவளி.

2013. நான் அப்போ பிளஸ் ஒன். சிங்கப்பூரில் நர்ஸா வேலை பார்க்கிற பெரியம்மா பொண்ணு தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தாங்க. கையில் பச்சை கலர்ல ஒரு ஐபோன் 5சி. அக்கா தன் சம்பளத்தில் வாங்கின முதல் ஐபோன். வீடே அந்தப் போனைச் சுத்தி உட்கார்ந்துடுச்சு. மாமா அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் விரலால் ஒரு தட்டு தட்டிட்டுக் கேட்டார்: "ஏம்மா, பிளாஸ்டிக்கா? இன்னும் கொஞ்சம் போட்டு நல்ல ஐபோனே வாங்கியிருக்கலாமே?"

அக்கா சிரிச்சுட்டே போனைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. மறுநாள் பார்த்தா, அந்தப் பச்சை தெரியாத மாதிரி ஒரு கறுப்பு கவர் போட்டிருந்தாங்க.

மாமா கேட்ட அதே கேள்வியைத்தான் அந்த வருஷம் உலகம் முழுக்க ஜனங்க கேட்டாங்க. ஏன் கேட்டாங்க? கலர் பிடிக்கலையா, பிளாஸ்டிக் பிடிக்கலையா, விலை பிடிக்கலையா? இன்னைக்கு இதைத்தான் பார்க்கப் போறோம்.

மேடையில் நடந்தது என்ன?

2013 செப்டம்பர் 10. கலிஃபோர்னியா, குப்பர்டினோ. ஆப்பிள் முதல் முறையா ஒரே நாளில் இரண்டு புது ஐபோன்களை அறிமுகம் செய்தது. ஒன்று 5எஸ். உலோக உடம்பு, ஏ7 சிப், கைரேகையை வச்சுப் போனைத் திறக்கிற டச் ஐடி. இன்னொன்று 5சி. வெள்ளை, பிங்க், மஞ்சள், நீலம், பச்சை என அஞ்சு கலர். பாலிகார்பனேட் உடம்பு, அதுக்குள்ள வலுவுக்கு ஒரு ஸ்டீல் ஃப்ரேம்.

உள்ளே என்ன இருந்தது? முந்தைய வருஷம் வந்த ஐபோன் 5-ல் இருந்த அதே ஏ6 சிப். அதே 4 இன்ச் திரை. அதே 8 மெகாபிக்சல் கேமரா. பேட்டரி மட்டும் கொஞ்சம் பெரிசு. டச் ஐடி கிடையாது. நம்ம பாஷையில் சொன்னா, பழைய பேக்எண்டுக்குப் புது யூஐ போட்டு ரிலீஸ் பண்ணின மாதிரி.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கலை. அதுவரைக்கும் ஆப்பிள் புது போன் விட்டா, போன வருஷ போனை 100 டாலர் குறைச்சு விற்கும். அந்தக் கணக்குப்படி ஐபோன் 5-தான் அந்த வருஷம் 100 டாலர் குறைஞ்சிருக்கணும். ஆப்பிள் ஐபோன் 5-ஐ நிறுத்திட்டு, அதே இடத்தில், அதே விலையில் 5சி-யை வச்சது. வழக்கமா அந்தக் காசுக்கு உலோக உடம்பு கிடைச்சிருக்கும். இந்தத் தடவை பிளாஸ்டிக் கிடைச்சது.

பாதி விலையா? எந்த ஊரில்?

இப்போ விலைக்கு வருவோம். அமெரிக்காவில் இரண்டு வருஷ கான்ட்ராக்டோட எடுத்தா 5சி 99 டாலர், 5எஸ் 199 டாலர். கேட்கிறதுக்குப் பாதி விலை. ஆனா கான்ட்ராக்ட் இல்லாம எடுத்தா 549 டாலர், 649 டாலர். அதே 100 டாலர்தான் வித்தியாசம், ஆனா இப்போ அது பாதி இல்லை. சுமார் 15 சதவீதம்.

அறிமுகத்துக்கு முன்னாடி மாசக்கணக்கா ஒரே பேச்சு: ஆப்பிள் விலை குறைஞ்ச ஐபோன் கொண்டு வருது, சீனாவையும் இந்தியாவையும் பிடிக்கப் போகுது. "சி"-ன்னா "சீப்" என்று ஜனங்களே அர்த்தம் வச்சுட்டாங்க. கடைசியில் சீனாவில் 5சி விலை 4,488 யுவான். 5எஸ் 5,288 யுவான். அடுத்த நாளே ஆப்பிள் பங்கு 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. எதிர்பார்த்த அளவுக்கு விலை குறையலைங்கிறதுதான் அன்னைக்குப் பேசப்பட்ட முக்கியக் காரணம்.

நம்ம ஊருக்கு வாங்க. 2013 நவம்பர் 1, தீபாவளிக்கு முந்தின நாள், இரண்டு போனும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 16 ஜிபி 5சி 41,900 ரூபாய். 16 ஜிபி 5எஸ் 53,500 ரூபாய். இங்கே கான்ட்ராக்ட் பழக்கம் பெரிசா கிடையாது, பெரும்பாலும் முழு விலையும் வாங்குறவர்தான் கட்டணும். இன்னொரு கணக்கையும் பாருங்க: ஐபோன் 5 ஒரு வருஷம் முன்னாடி இங்கே வந்தப்போ விலை 45,500. அதே சிப், அதே கேமரா, உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக், ஒரு வருஷப் பழசு. இவ்வளவுக்கும் குறைஞ்சது 3,600 ரூபாய்.

அடுத்த மூணே மாசத்தில், 2014 பிப்ரவரியில், ஃப்ளிப்கார்ட்டில் மோட்டோ ஜி 12,499 ரூபாய்க்கு வந்தது. அதுக்குக் கலர் கலரா பின்மூடி தனியா கிடைக்கும், வேணும்னா மாத்திக்கலாம். கலர்தான் வேணும்னு நினைச்ச காலேஜ் பையனுக்கு 5சி பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை.

சிரிச்சது யாரு, வாங்கினது யாரு?

கேலிக்குப் பஞ்சமே இல்லை. ஆப்பிள் 5சி-க்குன்னு 29 டாலரில் ஒரு கேஸ் விற்றது. பின்பக்கம் வரிசையா வட்ட ஓட்டைகள், அது வழியா போனோட கலர் தெரியும். பார்த்தவங்க எல்லாம் "இது க்ராக்ஸ் செருப்பு மாதிரி இருக்கே"ன்னு சிரிச்சாங்க. கலர் பாலிகார்பனேட்டில் லூமியா போன்களை ஏற்கனவே விற்றுட்டு இருந்த நோக்கியா, "காப்பி அடிச்சதுக்கு நன்றி"ங்கிற தொனியில் ட்விட்டரில் ஆப்பிளைச் சீண்டியது.

அப்போ கலர்தான் பிரச்சினையா? இல்லைங்க. அதே நாளில் அதே மேடையில் வந்த 5எஸ்-க்கும் ஒரு புதுக் கலர் இருந்தது: கோல்ட். கடைகளில் முதலில் தீர்ந்து போனது அந்த கோல்ட்தான், வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கினாங்க. ஜனங்களுக்குக் கலர் வேண்டியிருந்தது. கோல்ட் போனைக் கையில் வச்சிருந்தா "புதுசு வாங்கிட்டேன்"னு அர்த்தம். பச்சை போனுக்கு "புதுசு வாங்க முடியலை"ன்னு அர்த்தம். எந்தப் போன் விலை கம்மின்னு பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். அக்கா கறுப்பு கவர் போட்டதுக்குக் காரணம் இதுதான்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சது.

விற்பனை எப்படி? முதல் மூணு நாளில் இரண்டு போனும் சேர்த்து 90 லட்சம். எது எவ்வளவுன்னு ஆப்பிள் பிரிச்சுச் சொல்லலை. 2014 ஜனவரியில் காலாண்டுக் கணக்கு வந்தப்போ ஐபோன் விற்பனை 5 கோடியே 10 லட்சம், அதுவரை இல்லாத உச்சம். ஆனா அதே நாளில் டிம் குக் ஒன்றை ஒத்துக்கிட்டார்: இரண்டு மாடலில் எது எவ்வளவு போகும்னு நாங்க போட்ட கணக்கு வேற, நடந்தது வேற. ஜனங்க 5எஸ் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க, டச் ஐடி அதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இங்கேயே நிறுத்திட்டா "5சி ஃபெயிலியர்"னு முடிச்சிடலாம். ஆனா காண்டார்ங்கிற சந்தை ஆய்வு நிறுவனம் அப்போ அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கு இருக்கு. 5எஸ் வாங்கினவங்களில் 80 சதவீதம் பேர் ஏற்கனவே ஐபோன் வச்சிருந்தவங்க. 5சி வாங்கினவங்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வேற கம்பெனி போனிலிருந்து வந்தவங்க, குறிப்பா சாம்சங், எல்ஜி. வருஷ வருமானம் 49,000 டாலருக்குக் கீழே இருக்கிறவங்க 5சி வாங்கினவங்களில் 42 சதவீதம். 5எஸ்-ல் 21 சதவீதம்தான்.

புரியுதா? ரிவ்யூ எழுதினவர், பங்கு வாங்கி விற்கிறவர், ட்விட்டரில் கேலி பண்ணினவர் பெரும்பாலும் ஏற்கனவே நல்ல போன் வச்சிருந்தவர். அமைதியா கடைக்குப் போய் வாங்கினவர் முதல் தடவையா ஐபோன் உள்ளே வர்றவர். அக்காவும் அப்படித்தான், அதுக்கு முன்னாடி சாம்சங்தான் வச்சிருந்தாங்க. சத்தம் ஒரு பக்கம், வாடிக்கையாளர் இன்னொரு பக்கம். ஆனா அந்தச் சத்தம் வாங்கினவங்க காதிலும் விழுந்தது, அதுதான் கஷ்டம்.

ஒன்பது வருஷம் முன்னாடி இதே ஆப்பிள்

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம். 2004 ஜனவரி, ஐபாட் மினி. அதுவும் அஞ்சு கலர். விலை 249 டாலர், 4 ஜிபி. பக்கத்திலேயே பெரிய ஐபாட் 15 ஜிபி, 299 டாலர். "இன்னும் 50 டாலர் போட்டா கிட்டத்தட்ட நாலு மடங்கு இடம் கிடைக்குமே, இதை எவன் வாங்குவான்?"னு விமர்சகர்கள் கேட்டாங்க. அச்சு அசல் மாமா கேட்ட கேள்வி.

நடந்தது தலைகீழ். விற்பனைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு லட்சத்துக்கும் மேல் ஆர்டர். அமெரிக்காவில் தேவையைச் சமாளிக்க முடியாம, மற்ற நாடுகளில் வெளியிடுறதை ஜூலை வரைக்கும் தள்ளிப்போட்டாங்க.

அப்போ சின்ன விலை வித்தியாசம் மட்டுமே ஒரு போனைக் கவிழ்க்காது. மினியில் பெரிய ஐபாடில் இல்லாத ஒன்று இருந்தது: அது சின்னது. ஓடும்போது கையில் கட்டிக்கலாம், சட்டைப்பையில் கனக்காது. அதை வாங்கினவருக்கு "பெரிசு வாங்க முடியலை"ன்னு சொல்ல வேண்டிய தேவை இல்லை. "எனக்கு இதுதான் வேணும்"னு சொல்லலாம். 5சி-யில் கலரைத் தவிர அப்படிச் சொல்ல ஒன்றுமே இல்லை.

எடுத்துவிட்டது எவ்வளவு பெரிசுன்னு இன்னொரு விதத்திலும் தெரிஞ்சது. 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்ற துப்பாக்கிச் சூடு. குற்றவாளிகளில் ஒருவருக்கு அவர் வேலை பார்த்த கவுன்டி அலுவலகம் கொடுத்திருந்த போன் ஒரு 5சி. அதைத் திறக்க உதவச் சொல்லி 2016 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவு, ஆப்பிள் மறுப்பு, உலகம் முழுக்க விவாதம். கடைசியில் மார்ச்சில் வெளியாள் உதவியோட எஃப்பிஐ அதைத் திறந்தது. கடவுச்சொல்லைக் காக்கத் தனியா இயங்குற செக்யூர் என்கிளேவ் 5எஸ்-ன் ஏ7 சிப்பில்தான் முதலில் வந்தது. 5சி-யின் ஏ6-ல் அது இல்லை. "ஃபிங்கர்பிரிண்ட் மட்டும்தானே இல்லை"ன்னு நினைச்சு வாங்கின போனில் பாதுகாப்பே ஒரு தலைமுறை பின்னாடி இருந்தது.

ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த கலர்

ஆப்பிள் மறுபடி இந்த விளையாட்டுக்கு வந்தது 2018-ல். ஐபோன் எக்ஸ்ஆர், ஆறு கலர். எக்ஸ்எஸ் 999 டாலர், இது 749. இந்தியாவில் 99,900-க்கு எதிரே 76,900. இதுக்கும் கேலி நடந்தது: திரை 828 பிக்சல்தான், ஃபுல் எச்டி கூட இல்லை, பின்பக்கம் ஒரே கேமரா.

ஆனா இந்தத் தடவை சிப்பில் கை வைக்கலை. எக்ஸ்எஸ்-ல் இருந்த அதே ஏ12. அதே ஃபேஸ் ஐடி. பேட்டரியோ எக்ஸ்எஸ்-ஐ விட அதிக நேரம் நின்றது. மினிக்கு அளவு மாதிரி, எக்ஸ்ஆருக்கு பேட்டரி: அண்ணனிடம் இல்லாத ஒன்று தம்பியிடம். ஆம்டியா நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகத்திலேயே அதிகம் அனுப்பப்பட்ட ஸ்மார்ட்போன் எக்ஸ்ஆர்தான், 4 கோடியே 63 லட்சம். நம்ம ஊரில் விலை 59,900-க்கும், ஐபோன் 11 வந்த பிறகு 49,900-க்கும் இறங்கியது. அதே 2019-ல் சென்னை பக்கம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் எக்ஸ்ஆர் தயாரிப்பு தொடங்கியது. 5சி எந்த இந்தியாவைப் பிடிக்கும்னு எதிர்பார்த்தாங்களோ, அங்கேயே அதோட தம்பி தயாராச்சு.

நமக்கு என்ன?

இதைக் கேட்கிற பாதிப்பேர் ஐடியில் இருப்பீங்க. "லைட்" வெர்ஷன், "பேசிக்" பிளான்னு நாமும் ஏதாவது ஒன்றை வெட்டிட்டுத்தான் இருக்கோம். எதை வெட்டுறதுன்னு பேசுற மீட்டிங்கில், அதை வாங்கப் போறவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். பெரிய பிளான் வச்சிருக்கிறவங்கதான் இருப்போம். அடுத்த தடவை அங்கே இரண்டு கேள்வி கேளுங்க. நாம எடுக்கிறது பாதுகாப்பு மாதிரி உயிரான விஷயமா? "எனக்கு இதுதான் வேணும்"னு சொல்ல வாங்குறவருக்கு ஒரு காரணமாவது கொடுத்திருக்கோமா?

இந்த எபிசோடுக்காக அக்காவுக்கு போன் பண்ணிக் கேட்டேன். நாலு வருஷம் அதைத்தான் வச்சிருந்தாங்களாம். கறுப்பு கவரை எப்போ கழட்டினீங்கன்னு கேட்டேன். "சிங்கப்பூர் ஃப்ளைட் ஏறினதும்"னாங்க.

உங்க வீட்டில் இந்த மாதிரி ஒரு போன் கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.