கண் ஓடிய தூரம்

எங்கள் தெரு மளிகைக்கடையில் வேலை பார்த்த பையன் கல்லாவில் கைவைத்து அகப்பட்டான். "சின்ன வயசுலேருந்து பார்த்த முகம், என்னத்தச் சொல்றது" என்று கடைக்காரர் விட்டுவிட்டார். அவர் செய்ததற்குப் பழந்தமிழில் ஒரு சொல் உண்டு: கண்ணோட்டம்.

இன்று அந்தச் சொல்லுக்குப் பார்வைக் கோணம் என்றே பொருள். வரலாற்றுக் கண்ணோட்டம், பெண்ணியக் கண்ணோட்டம் என்கிறோம். வள்ளுவரிடம் கண் ஓடினால் மனம் இளகியது என்று அர்த்தம். பழகியவரைக் கண்டால் அவர் சொன்னதைத் தட்ட முடியாமல் போவதே கண்ணோட்டம் என்று விளக்குகிறார் குறளின் உரையாசிரியர் பரிமேலழகர். கண் அவர்மேல் சென்றதால் நேர்வது, ஆகவே அந்தப் பெயர்.

குறளில் அது 58ஆம் அதிகாரம். கருணை என்பதால் அறத்துப்பாலில் தேடினால் கிடைக்காது. பொருட்பாலில், ஒற்றாடலுக்கு முன்வீட்டில் இருக்கிறது. அரசன் கைக்கொள்ள வேண்டிய குணம் அது. அது இல்லாத கண்ணைப் புண் என்றே சொல்லிவிடுகிறார் வள்ளுவர். ஆனால் மூன்று அதிகாரம் முன்னே, செங்கோன்மையின் முதல் குறளில், முறை செய்கிறவன் யாரிடமும் கண்ணோடக் கூடாது என்று கட்டளையிட்டதும் அவர்தான். கலித்தொகை 133ஆம் பாட்டிலும் முறை என்பது கண்ணோடாமல் உயிரைக் கொள்வது. குறை பொறுப்பதும் குற்றத்துக்குத் துணைபோவதும் ஒரே கண்ணிலிருந்து கிளம்புகின்றன என்பது வள்ளுவருக்கும் கலித்தொகைப் புலவருக்கும் தெரிந்திருக்கிறது. 578ஆம் குறளில் வள்ளுவரே ஒரு வழி சொல்கிறார்: காரியம் கெடாதபடி கண்ணோடத் தெரிந்தவனுக்கு உலகமே உரிமை. தெரிந்தவன் எத்தனை பேர் என்பது வேறு கதை!

சொல் இடம்பெயர்ந்தாலும் செய்கை போகவில்லை. அந்த இடத்தில் வடசொல் வந்து உட்கார்ந்தது: தாட்சண்யம். கண்ணுக்குப் பதில் முகம் சேர்ந்து முகதாட்சண்யம் ஆயிற்று. தெரிந்தவருக்குக் கடனை நீட்டித்துவிட்டுக் கையைப் பிசைகிறவர் வாயில் இதைத்தான் கேட்கலாம். செய்தித்தாளில் 'தயவு தாட்சண்யமின்றி நடவடிக்கை' என்று எதிர்மறையாகவே வரும். செங்கோன்மைக் குறளின் 'கண்ணோடாது' தான் அது, உடை மட்டும் வேறு.

பையன் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறான். கல்லாவுக்கு மட்டும் புதுப் பூட்டு.