குதிரை லாயத்தில் விரிசல் விட்ட பித்தளை

மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு மென்பொருள் எழுதப் போனவர்களில் நானும் ஒருவன். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோச்சு. மெட்டலர்ஜி வகுப்பில் கேட்ட ஒரு சங்கதி மட்டும் மறக்கவில்லை: குதிரை மூத்திரம் தோட்டாவை உடைத்த கதை. அன்று வகுப்பே சிரித்தது. நானும்தான்.

தோட்டா என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பறந்துபோகும் குண்டு. நான் சொல்ல வருவது பின்னால் மிஞ்சும் பித்தளைக் கூட்டைப் பற்றி. அது மருந்தைச் சுமக்கும் டப்பா மட்டுமல்ல. சுடும் கணத்தில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்க வேண்டும். அடுத்த கணமே கொஞ்சம் சுருங்கி, இழுத்தால் வெளியே வந்துவிட வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளைக்கு இரண்டும் கைவரும்.

ஆனால் செய்முறையும் சரியாக இருக்க வேண்டுமே. பிரிட்டிஷ் ராணுவம் 1871இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டித்தான் கூடு செய்தார்கள். சூடான் பாலைவனத்தின் சூட்டிலும் மணலிலும் அவை கிழிந்து உள்ளேயே சிக்கின. 1885 ஜனவரியில் அபு கிளேயா சண்டையில் எதிரி பக்கத்தில் வந்து நிற்கும்போது துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. அதன்பிறகு ஒரே துண்டாக இழுத்துச் செய்யும் கூட்டுக்கு மாறினார்கள். வட்டத் தகட்டை அழுத்திக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைப் படிப்படியாகக் குழலாக இழுக்கும் முறை.

சிக்கல் தீர்ந்ததா? இல்லை, இடம் மாறியது. குளிர்ந்த நிலையில் இழுக்கப்பட்ட பித்தளை கெட்டிப்படும். இழுத்த இழுவிசையில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பளபளவென்று இருக்கும்.

இந்தியாவில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால், கூடுகளில் விரிசல், அதிலும் குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்தில். யாரும் சுடவில்லை, தட்டவில்லை. சும்மா இருந்த இடத்திலேயே பிளந்திருந்தன.

1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் இதற்கு விளக்கம் எழுதினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரம், பித்தளைக்குள் தங்கிய இழுவிசை எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும். உள்விசை இல்லாத பித்தளையை அம்மோனியா கறைப்படுத்துவதோடு விட்டுவிடும். அம்மோனியா இல்லாத இடத்தில் உள்விசையோடு கூடு வருடக்கணக்கில் கிடக்கும். தொழிற்சாலைச் சோதனையில் பாஸ் ஆனது லாயத்தில் ஃபெயில் ஆகிறது. 'என் மெஷினில் நல்லாத்தானே ஓடுது' என்று தினமும் சொல்கிற எனக்கு இது அந்நியமான கதையா என்ன?

மருந்து எளிமையானது: அளவான சூடு. சூட்டில் உள்விசை தளரும், கழுத்து இளகும். அடிப்பாகத்தை மட்டும் இளகவிடக் கூடாது, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். சூடு பட்ட கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை நிற்கும். ராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலும் அதைத் துடைக்காமல் விடுகிறார்கள். சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்பும் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுநர்களும், பித்தளையைப் பளபளப்பை வைத்து எடைபோடுவதில்லை. சுவர் ஒரே தடிமனா, கழுத்து இளகியிருக்கிறதா, முன்பு எத்தனை தடவை சுட்டது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு சூடும் கழுத்தை மறுபடி கெட்டியாக்கும்.

ஆக, நல்ல கூடு என்பது அறையில் சிக்காமல் முழுசாக வெளியே வருவது. இதைப் படித்து முடித்தபோது எனக்குள்ளிருந்த எஞ்சினியருக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

பிறகு இன்னொரு எண் கண்ணில் பட்டது. அந்தக் கட்டுரைக்கு இரண்டு வருடம் முன்னால், 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலாபாக். சுடப்பட்டவை 1,650 ரவுண்டுகள். தரையில் விழுந்த வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி எண்ணித்தான் அந்தக் கணக்கு கிடைத்தது என்பார்கள்.

பொறுக்கி எண்ணும் அளவுக்கு, அந்தக் கூடுகள் ஒழுங்காக வெளியே வந்து விழுந்திருக்கின்றன. அன்று வகுப்பில் சிரித்ததை நினைத்துக்கொண்டேன். லாயத்தில் பிளந்த அந்தத் தோட்டாக்கள் யாருக்காக வைக்கப்பட்டிருந்தன என்று, எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.