சமத்துவமும் யாழ்ப்பாணத்துச் சமுதாயமும்

மக்கள் யாவரும் சமம் என்னும் கோட்பாடு அரசியல் மெய்யியலில் மிகப் பழையது. அதனை ஒழுகிக் காட்டுதலோ மிக அரியது. மக்களாட்சியின் பிறப்பிடமாகிய பண்டை ஏதென்சு நகரத்திலே பெண்டிருக்கும் அடிமைகளுக்கும் வாக்குரிமை இருந்ததில்லை. தமக்கு மேலோரிடம் சமத்துவத்தை வேண்டி நிற்போர், தம்மிற் கீழோரெனக் கருதுவார்க்கு அதனை அளிக்கத் தயங்குதல் உலகியல்பு. யாழ்ப்பாணத்து வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது.

1924ஆம் ஆண்டில் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்தனர். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இவ்வியக்கம், அந்நிய ஆட்சி நீங்குதலையும் தீண்டாமை ஒழிதலையும் ஒருங்கே வேண்டி நின்றது. 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை அவ்வூக்கத்தை வளர்த்தது. அக்காலத்துப் பாடசாலைகள் பலவற்றில் உயர்குலத்துப் பிள்ளைகள் வாங்கிலும், தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் நிலத்திலும் இருந்து கற்றனர். அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் யாவர்க்கும் சமாசனம் அளித்தல் வேண்டுமென அரசினர் பணித்தபோது பெரும் எதிர்ப்பு மூண்டது; சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்கு அத்துணை அச்சத்தை விளைத்தது!

இதே வேளையில் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பேரறிஞரும் அதனை எதிர்த்தனர். எனினும் 1931இல் வதிவிடத் தகுதியுடைய, 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாரும் வாக்காளராயினர். சொத்தும் கல்வியும் இல்லாதாரும் செல்வரும் ஒரே எண்ணாகக் கணிக்கப்படும் நிலை வந்தது.

ஆயினும் வாலிபர் காங்கிரஸ், பூரண சுயராச்சியம் இன்மையால் அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்க அறைகூவியது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் முதன்முறையாக வாக்கினைப் பெற்ற எளியோர் அதனைப் பயன்படுத்த மூன்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. சமத்துவத்துக்காக உழைத்தோரே சமத்துவத்தின் முதற்பயனைத் தாமதப்படுத்தியமை எண்ணத்தக்கது. நாட்டின் விடுதலையும் நலிந்தோர் உரிமையும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கவேண்டியன அல்ல, உடன் நடக்கவேண்டியன.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொதுவிடங்களிற் பாகுபாடு காட்டுதலைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார் தடுக்கப்பட்டனர். கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம் அது தொடர்பாகத் தண்டம் விதிக்கப்பட்டார். சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளத்தைத் திறப்பதற்கு அதற்கு ஆற்றல் போதாது. கல்வி மிகுதியும் தனித்து அதனைச் செய்யாதென்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

ஆகவே சமத்துவம் என்பது திறமையாலும் செல்வத்தாலும் மக்கள் ஒத்திருத்தல் அன்று. எவரும் எவர்க்கும் மதிப்பிற் குறைந்தவரல்லர் எனக் கொள்ளும் ஒழுக்கமேயாம். அது மேலோரிடம் கேட்டுப் பெறும் உரிமை மட்டுமன்று. அயலிலிருப்பார்க்குத் தீர்க்கவேண்டிய கடனுமாகும். அக்கடனைத் தீர்க்காத சமுதாயம் தன் உரிமைக்கு வாதாடும்போது, அதன் வாதம் பாதி வலிமையை இழந்துவிடும்.